நான்கு நதிகள் நீரூற்று: பகைக் கதையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால்

கேள்வி இதுதான். ரோமில் பியாத்ஸா நவோனா சதுக்கத்தின் நடுவே நிற்கும் நான்கு நதிகள் நீரூற்றைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி ஒரு கதை சொல்லியிருக்கிறார். எதிரே இருக்கும் தேவாலயம் எந்த நேரமும் இடிந்து விழும் என்று பயந்து ஒரு சிலை கையைத் தூக்கியிருக்கிறதாம். அந்தத் தேவாலயத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இன்னொரு சிலை முகத்தை மூடியிருக்கிறதாம். நீரூற்றைச் செய்த பெர்னினிக்கும் தேவாலயத்தைக் கட்டிய பொரோமினிக்கும் அப்படி ஒரு பகையாம். இது உண்மையா, அப்புறம் நம் கங்கை அங்கே தாடி வைத்த ஆணாக உட்கார்ந்திருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகைக் கதை உண்மை இல்லை. தேதிகளைப் பார்த்தாலே போதும். நீரூற்று திறக்கப்பட்டது 1651 ஜூன் மாதம். எதிரே இருக்கும் சாண்டாஞெஸே தேவாலயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கியது 1652இல். அதையும் தொடங்கியவர்கள் ஜிரோலாமோ ரைனால்டியும் அவர் மகன் கார்லோவும்தான். பொரோமினி கைக்கு அந்த வேலை வந்தது 1653இல். சிலைகளைச் செதுக்கிய காலத்தில் அவை பார்த்துப் பயப்படவோ முகம் சுளிக்கவோ அந்த முகப்பே அங்கே கிடையாது.

ஆனாலும் இந்தக் கதையை வெறும் வேடிக்கை என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. பொரோமினிக்கு உண்மையில் நடந்ததை அது மறைத்துவிடுகிறது. அந்த நீரூற்றுக்குத் தண்ணீரைக் கொண்டு வரும் பொறுப்பு முதலில் அவரிடம்தான் இருந்தது. நடுவில் ஒரு எகிப்தியத் தூண், அதைச் சுற்றி உலகின் நான்கு பெரிய நதிகள் என்ற யோசனையை போப்பிடம் முன்வைத்தவரும் அவர்தான். பிறகு வேலை பெர்னினிக்குப் போனது. அது எப்படி நடந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பியாத்ஸா நவோனா நீளமாக, ஒரு முனை வளைந்து இருப்பதற்குக் காரணம், ரோமப் பேரரசர் டொமிஷியன் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய விளையாட்டரங்கம். ஓட்டப் பந்தயமும் மற்போரும் நடந்த இடம் அது. பார்வையாளர் படிகள் இருந்த இடத்தில் பிற்காலத்தில் வீடுகள் எழுந்தன, ஓடுகளம் மட்டும் திறந்தவெளியாகத் தங்கிவிட்டது. 1477 முதல் நகரச் சந்தையும் அங்கேதான் கூடியது.

தண்ணீரின் கதை அதைவிடப் பழையது. கி.மு. 19இல் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா வெட்டுவித்த ‘அக்வா வெர்ஜினே’ என்ற கால்வாய், நகருக்குக் கிழக்கே சலோனே என்ற இடத்து ஊற்றிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் தரைக்கடியிலேயே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடி ரோமுக்குள் வருகிறது. இடைக்காலத்தில் சீரழிந்து கிடந்த அதை 1570 வாக்கில் முழுதாகச் செப்பனிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போப் பதின்மூன்றாம் கிரகோரி, ஜாக்கோமோ டெல்லா போர்த்தாவைக் கொண்டு நவோனா சதுக்கத்தின் கோடிக்கொரு நீரூற்று என்று இரண்டு அமைத்தார். நடுவில் பெரிதாக எதுவும் இல்லை.

இந்தக் கால்வாயைப் பற்றி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஊற்று இருக்கும் இடமே தாழ்வானது. அவ்வளவு தூரம் ஓடி வந்தும் கால்வாய் இறங்குவது சில மீட்டர்தான். அதனால் நவோனாவுக்கு வந்து சேரும் தண்ணீரில் அழுத்தம் மிகக் குறைவு. உயரமாகப் பீய்ச்சி அடிக்க அதனால் முடியாது.

1644இல் ஜோவான்னி பத்திஸ்தா பம்ஃபிலி என்ற கர்தினால், பத்தாம் இன்னசெண்ட் என்ற பெயரில் போப் ஆனார். பம்ஃபிலி குடும்பத்து வீடு இருந்தது நவோனா சதுக்கத்தில். குடும்பத்தில் ஒருவர் போப் ஆனால், வீடு அரண்மனை ஆகும், வீட்டு வாசல் நகரத்தின் முகமாக மாறும். ரோமில் அது அன்றைய நடைமுறை. இன்னசெண்டுக்கு முன் இருந்த எட்டாம் உர்பன் பார்பெரினி குடும்பம். அவரும் இதையேதான் செய்தார். அவர் காலத்தில் இதே அக்வா வெர்ஜினே முடியும் திரெவியில் ஒரு பெரிய நீரூற்று அமைக்கும் வேலையை பெர்னினி தொடங்கியிருந்தார். உர்பன் இறந்ததும் அது அப்படியே நின்றது. (இன்று உலகமே காசு எறியும் திரெவி நீரூற்று, நிக்கோலா சால்வியின் வடிவமைப்பில் 1732இல் தொடங்கி 1762இல் முடிந்தது.) புதிய போப்புக்குத் தண்ணீர் தன் வீட்டு வாசலில் வேண்டும் என்று ஆசை. கூடவே 1650 புனித ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. உலகெங்குமிருந்து யாத்திரிகர்கள் வரும் ஆண்டு அது.

பெர்னினி அந்த நேரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதர். 1598இல் நேப்பிள்ஸில் பிறந்து, இருபது வயதுக்குள் ரோமையே திரும்பிப் பார்க்க வைத்து, உர்பன் ஆண்ட இருபத்தோரு ஆண்டும் நகரத்தின் பெரிய வேலைகளையெல்லாம் கையில் வைத்திருந்தவர். பார்பெரினி ஆள் என்ற முத்திரையே புதிய போப்பிடம் அவருக்குப் பாதகமானது. அதோடு புனித பேதுரு பேராலயத்தின் முகப்பு, அதன் மேல் அவர் எழுப்பிய மணிக்கூண்டின் பாரத்தால் விரிசல் கண்டது. அடித்தளம் அவர் போட்டதல்ல, முந்தைய கட்டடக் கலைஞர் கார்லோ மதேர்னோ போட்டது. ஆனால் பழி முழுக்க பெர்னினி மேல் விழுந்தது. விசாரணையில் அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களில் பொரோமினியும் ஒருவர். 1646இல் மணிக்கூண்டை இடிக்க உத்தரவானது. ஒரு கட்டடக் கலைஞருக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது.

பொரோமினிக்கோ அது ஏறுமுகம். லாத்தரன் பேராலயத்தை உள்ளே புதுப்பிக்கும் பெரிய பொறுப்பை இன்னசெண்ட் அவரிடம் கொடுத்தார். நவோனாவுக்குத் தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டு வரும் குழாய்ப் பாதையும் அவரிடமே வந்தது. நான்கு நதிகள் யோசனை அந்தச் சமயத்தில்தான் அவரிடமிருந்து பிறக்கிறது. நீரூற்றும் தனக்குத்தான் என்று அவர் நம்பியதில் தவறே இல்லை.

திருப்பம் வந்தது ஒரு மாதிரி உருவத்தால். போப்பின் அண்ணன் மகள் கொஸ்தான்ஸா பம்ஃபிலியைக் கட்டியவர் இளவரசர் நிக்கோலோ லுடோவீசி. அவர் பெர்னினியிடம் ரகசியமாக ஒரு மாதிரி செய்யச் சொல்லி, பம்ஃபிலி அரண்மனையில் போப் சாப்பிட்டு எழுந்து நடந்து வரும் வழியில் ஓர் அறையில் வைத்துவிட்டார். போப் பார்த்தார், நின்றார், வெகு நேரம் அங்கிருந்து நகரவில்லை. பெர்னினியின் வேலையை ஏற்காமல் இருக்க ஒரே வழி அதைப் பார்க்காமல் இருப்பதுதான் என்று போப் சொன்னதாக பெர்னினியின் ஆரம்பகால வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த மாதிரி வெள்ளியில் செய்யப்பட்டு, போப்பின் அண்ணி ஒலிம்பியா மைடால்கினிக்குப் பரிசாகப் போனது என்ற பேச்சும் அப்போதே இருந்தது. போப்பிடம் எந்தக் காரியம் ஆக வேண்டுமானாலும் அந்த அம்மாளிடம் முதலில் போக வேண்டும் என்பது ரோம் முழுக்கத் தெரிந்த விஷயம். எப்படியோ, 1648இல் வேலை பெர்னினிக்கு வந்தது. ரோமில் பொரோமினி மீண்டும் பெரிய வேலைகள் செய்தார், ஆனால் இந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை.

வேலை நடந்த ஆண்டுகள் ரோமுக்குப் பஞ்ச ஆண்டுகள். விளைச்சல் பொய்த்து ரொட்டி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தெற்கே நேப்பிள்ஸில் 1647இல் மசனியெல்லோ என்ற மீன்காரர் தலைமையில் வரிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அந்த நேரத்தில் பொதுப்பணத்தில் தூணும் நீரூற்றும். நவோனாவை ஒட்டியே பஸ்குவீனோ என்ற சிதைந்த பழைய சிலை ஒன்று இருக்கிறது. ஆட்சியாளர்களைத் திட்டும் பாட்டுகளைப் பெயர் போடாமல் எழுதி அதன் மேல் ஒட்டுவது ரோமானியர் வழக்கம். அப்போது வந்த பாட்டு வரி இது: ‘எங்களுக்குத் தூணும் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி வேண்டும், ரொட்டி, ரொட்டி, ரொட்டி!’ அந்த நீரூற்றின் அழகைப் பேசும்போது இந்த வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை நடக்கும் இடத்திற்குப் பக்கத்திலேயே, வயிறு காய்ந்தவர்கள் எழுதியது அது.

சரி, இப்போது கல்லுக்கு வருவோம். நடுவில் நிற்கும், நான்கு முகம் கொண்டு உச்சி கூம்பும் ஒபிலிஸ்க் தூண் எகிப்தின் கருங்கல்லில் ஆனது. ஆனால் ஃபாரோக்கள் காலத்தது அல்ல. டொமிஷியனுக்காகச் செய்யப்பட்டது, எழுத்துகளும் அவர் காலத்தில் வெட்டியவை. அவருடைய அப்பா வெஸ்பாசியன், அண்ணன் டைட்டஸ் பெயர்களெல்லாம் எகிப்திய சித்திர எழுத்தில் அதில் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் மக்ஸென்ஷியஸ் அதை அப்பியன் சாலையில் தான் கட்டிய தேரோட்டக் களத்துக்குக் கொண்டு போனார். அங்கே அது விழுந்து துண்டு துண்டாகக் கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அரண்டெல் பிரபு என்ற ஆங்கிலேயர் அதை விலைபேசி வாங்கப் பார்த்தார், ஊரைவிட்டு வெளியே கொண்டு போக அனுமதி கிடைக்கவில்லை. இன்னசெண்ட் அந்தத் துண்டுகளைத் தூக்கி வரச் செய்து, 1649இல் நவோனாவில் ஒன்றாக்கி நிறுத்தினார். தூண் மட்டும் ஏறத்தாழ 16.5 மீட்டர். அடியில் இருக்கும் பாறையையும் பீடத்தையும் சேர்த்தால் சுமார் 30 மீட்டர்.

ரோமில் ஒபிலிஸ்க் நிறுத்துவது புதிதல்ல. 1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் டொமெனிக்கோ ஃபோன்தானா, 900 ஆட்களையும் 75 குதிரைகளையும் வைத்து வத்திக்கான் ஒபிலிஸ்க்கை நகர்த்தியது அன்றைய உலகத்தின் பெரிய பொறியியல் அதிசயம். அந்தத் தூணும் அதன் பிறகு நிறுத்தியவையும் கெட்டியான பீடத்தின் மேல் நின்றன. பாரமான பொருளுக்கு அடியில் கெட்டியான பொருள், அதுதானே இயல்பு.

பெர்னினி என்ன செய்தார்? தூணுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் செய்தார். டிராவர்டைன் என்ற, ரோமுக்குப் பக்கத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பாறையைக் கட்டி, அதை நான்கு பக்கமும் குடைந்து குகையாக்கினார். ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் நடமாடும் மனிதர்கள் தெரிவார்கள். அந்த ஓட்டைக்கு நேர் மேலேதான் அத்தனை டன் கருங்கல்லும் நிற்கிறது. நாலு மூலையிலும் தரையிலிருந்து எழும் பாறைக் கால்கள் வளைந்து நடுவில் சேர்கின்றன. தூணின் பாரம் அந்த வளைவுகள் வழியே பிரிந்து மூலைகளுக்கு இறங்குகிறது. கட்டடக் கலைப்படி பார்த்தால் இது ஒரு வளைவு மண்டபம்தான். ஆனால் இயற்கையாகப் பிளந்த பாறை போலச் செதுக்கியிருப்பதால் நம் கண்ணுக்கு மண்டபம் தெரியவே தெரியாது. நான்கு நதிச் சிலைகளும் சரியாக அந்த நாலு மூலைகளில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். எங்கே பாரம் இறங்குகிறதோ அங்கே உருவங்கள், எங்கே பாரம் இல்லையோ அங்கே வெளி. அலங்காரம் என்று நாம் நினைப்பதற்குக் கீழே கட்டுமானக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பரோக் என்று சொல்லப்படும் அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கு அவர் ஒத்திகை பார்த்த இடமும் உண்டு. 1640களின் தொடக்கத்தில் பார்பெரினி சதுக்கத்தில் செய்த த்ரித்தோன் நீரூற்றில், நாலு டால்ஃபின்கள் வாலால் தூக்கிப் பிடித்த சிப்பியின் மேல் கடல் தேவன் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் நடுவில் வெற்றிடம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. த்ரித்தோனுக்கு வருவது அக்வா ஃபெலிச்சே என்ற உயரமான கால்வாயின் தண்ணீர். அதனால் சங்கிலிருந்து நீர் மேலே பாய்கிறது. நவோனாவில் அந்த வசதி இல்லை என்று முன்பே சொன்னேன். தண்ணீரால் உயர முடியாது. ஆகவே உயரத்தைத் தூண் தரட்டும், தண்ணீர் பாறையின் இடுக்குகளிலிருந்து விழட்டும், வழியட்டும் என்று பெர்னினி பிரித்துக்கொடுத்தார். பாறையும் பிளவும் குகையும் வெறும் கற்பனை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அழுத்தமில்லாத தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. தொட்டி தரைமட்டத்துக்குத் தாழ்வாக இருப்பதற்கும் காரணம் இதுவே. தொட்டியில் ஒரு பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு தண்ணீரைக் குடிப்பது போல இருக்கும். அது வடிகால்! உபரித் தண்ணீர் போகிற வழியைக்கூட ஒரு காட்சியாக்கிவிட்டார்.

நதிகளைத் தனித்தனியே வேறு வேறு சிற்பிகள் செதுக்கினார்கள், திட்டமும் மாதிரியும் பெர்னினியுடையவை. தான்யூபை அந்தோனியோ ராஜ்ஜி, நைலை ஜாக்கோமோ அந்தோனியோ ஃபான்செல்லி, தென் அமெரிக்காவின் ரியோ தெ லா பிளாத்தாவை பிரான்செஸ்கோ பராத்தா, கங்கையை பிரான்சிலிருந்து வந்திருந்த க்ளோத் பூஸான். (ஓவியர் நிக்கோலா பூஸான் வேறு ஆள்.) பாறையிலும் பனைமரத்திலும் சிங்கத்திலும் குதிரையிலும் பெர்னினியின் கையே பட்டிருக்கிறது என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. அந்தக் குதிரையையும் தண்ணீர் குடிக்கக் குனியும் சிங்கத்தையும் பார்க்கிறவர்கள் அதை எளிதில் நம்பிவிடுவார்கள்.

இப்போது அந்தக் கைக்கும் முகத்திரைக்கும் வருகிறேன். முகம் மூடியிருப்பது நைல். அதன் ஊற்று எங்கே என்று ஐரோப்பாவுக்கு உறுதியாகத் தெரியாத காலம் அது. மூலம் தெரியாத நதி என்பதைத்தான் அந்தத் துணி சொல்கிறது. நீல நைலின் ஊற்றை இயேசு சபைப் பாதிரியார் பேத்ரோ பாயஸ் 1618இலேயே எத்தியோப்பியாவில் பார்த்துவிட்டார். ஆனால் வெள்ளை நைலின் கதை தெளிய 19ஆம் நூற்றாண்டு ஆனது. கை தூக்கியிருப்பது பிளாத்தா. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் காசுகள் சிதறிக் கிடக்கும், அந்தப் பகுதியின் வெள்ளிச் செல்வத்துக்கு அடையாளம். கை ஏன் உயர்ந்திருக்கிறது என்றால், ஒபிலிஸ்க் என்பது கல்லாக உறைந்த சூரியக்கதிர் என்ற பழைய நம்பிக்கை அன்றைய ரோமில் எல்லாப் படித்தவர்களுக்கும் தெரியும். அந்த ஒளி கண்ணைக் கூசுகிறது. புதிதாக நற்செய்தி போய்ச் சேர்ந்த கண்டம் அந்த வெளிச்சத்தில் திகைத்து நிற்கிறது என்பது கலை வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தான்யூப் மட்டும் போப்பின் குலச் சின்னத்தைத் தொட எட்டுகிறது. நான்கில் ரோமுக்கு மிக அருகில் இருக்கும் நதி அல்லவா!

கங்கை ஆசியாவின் பிரதிநிதி. கையில் நீண்ட துடுப்பு, அதைச் சுற்றி ஒரு பாம்பு. கப்பல் போகும் அளவுக்கு ஆழமும் அகலமும் உள்ள நதி என்று துடுப்பு சொல்கிறது. ஆணாக, தாடியோடு இருப்பதற்கு இந்தியாவைப் பற்றிய அறியாமை காரணமல்ல, ரோமானிய மரபுதான் காரணம். பழைய ரோமச் சிற்பத்தில் டைபரும் நைலும் சாய்ந்து படுத்த தாடிக்காரக் கிழவர்களாகவே இருப்பார்கள். நதி என்றால் ஆண் தேவன் என்பது அவர்களுடைய சிற்ப இலக்கணம். நமக்கு கங்கை தாய், சிவன் சடையில் இருப்பவள். அவர்களுக்கு அது வரைபடத்தில் உள்ள ஆசியாவின் மாபெரும் நதி. இந்தியாவைப் பற்றிய செய்திகள் அன்றைய ரோமில் இல்லாமல் இல்லை. இயேசு சபையின் தலைமையகம் அங்கேதான், ஆண்டுதோறும் அங்கே கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. இந்த நீரூற்று திறந்த ஆண்டில், இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்து மதுரையில் தத்துவ போதகராக வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலி உயிரோடு இருந்தார். 1656இல் மயிலாப்பூரில்தான் அவர் இறந்தார்.

நான்கு கண்டங்கள், நடுவே எகிப்தின் தூண், தூணின் உச்சியில் ஒலிவக் கிளையைக் கவ்விய ஒரு வெண்கலப் புறா. புறா பம்ஃபிலி குடும்பச் சின்னம், தூய ஆவியின் அடையாளமும் கூட. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்துப் போப்பின் கீழ் அமைதியாக இருக்கிறது என்பதுதான் செய்தி. வெளியே நிலைமை வேறு. 1648இல் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் ஐரோப்பிய அரசர்கள் போப்பின் எதிர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இன்னசெண்ட் அதைக் கண்டித்து ஆணை வெளியிட்டார், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அந்த ஆணையும் இந்த நீரூற்றின் ஒப்பந்தமும் ஒரே காலத்தவை. அரசியலில் கைநழுவிக்கொண்டிருந்த உலகத்தைக் கல்லில் பிடித்து வைத்த முயற்சி இது என்று நான் படிப்பது அதனால்தான்.

தூணில் உள்ள எழுத்துகளைப் படித்துச் சொல்லும் வேலை அதனாசியஸ் கிர்ச்சர் என்ற இயேசு சபை அறிஞரிடம் போனது. அபாரமான படிப்பாளி. 1650இல் இந்த ஒபிலிஸ்க்குக்காகவே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். எகிப்தியரின் ஆழ்ந்த இறையியல் ரகசியங்கள் அதில் பொதிந்திருப்பதாக விளக்கினார். 1822இல் ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்த பிறகுதான், அங்கே இருப்பது டொமிஷியனின் புகழ்ச்சி என்று தெரிந்தது. ஆனால் பெர்னினியும் போப்பும் கிர்ச்சரின் விளக்கத்தை நம்பித்தான் நீரூற்றை அமைத்தார்கள். அந்தத் தவறான வாசிப்பும் இப்போது வடிவமைப்பின் ஒரு பகுதி. பீடத்தில் உள்ள லத்தீன் கல்வெட்டுகளில் ஒன்று எனக்குப் பிடித்தது. நடப்பவர்களுக்கு இன்பமும், தாகம் கொண்டவர்களுக்கு நீரும், சிந்திப்பவர்களுக்கு உணவும் தாராளமாகக் கொடுக்கவே இந்தக் கல்லை இங்கே நிறுத்தியதாக அது சொல்கிறது. ‘உணவு’ என்ற சொல் அந்தப் பஞ்ச ஆண்டுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு போப் வேலையைப் பார்க்க வந்தார். எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்றார் பெர்னினி. போப் ஆசி கூறிவிட்டுத் திரும்பி வாசலை நெருங்கும்போது பின்னால் தண்ணீர்ச் சத்தம். பெர்னினி ஏற்பாடு செய்து வைத்திருந்த வேலை அது. இந்த எதிர்பாராத மகிழ்ச்சியால் என் ஆயுளில் பத்து ஆண்டு கூட்டிவிட்டாய் என்றாராம் போப். உடனே அண்ணியிடம் ஆள் அனுப்பி நூறு பொற்காசு வாங்கி வேலைக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். பெர்னினி நாடகங்கள் எழுதி மேடையேற்றியவர். பார்வையாளரை எந்தக் கணத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தூண் விழுந்துவிடும் என்ற பேச்சு அப்புறமும் ஓயவில்லை. ஒரு நாள் பெர்னினி பதறிப்போனவர் மாதிரி வந்து, தூணின் உச்சியிலிருந்து நாலு பக்க வீடுகளுக்கும் மெல்லிய நூலைக் கட்டிவிட்டு, இப்போது பயமில்லை என்று நிம்மதியாகப் போனார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த வெற்றிடம் அன்றைய மக்களை எவ்வளவு கலவரப்படுத்தியது என்பதற்கு அது சாட்சி. 370 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, தூண் நிற்கிறது.

அவருடைய மகன் டொமெனிக்கோ எழுதிய இன்னொரு செய்தி இருக்கிறது. வயதான காலத்தில் பெர்னினி வண்டியில் அந்த வழியே போகும்போது, நீரூற்றுப் பக்கத்துத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, இவ்வளவு மோசமாகச் செய்துவிட்டேனே என்று வெட்கப்பட்டாராம். தன் வேலையில் அவருக்குக் கடைசி வரை திருப்தி வந்ததில்லை.

அப்புறம் சதுக்கமே ஏரியானது. 1652 முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை, நடுவில் சில இடைவெளிகளோடு, ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் வடிகால்களை அடைத்துவிடுவார்கள். அன்று தரை நடுவில் பள்ளமாக இருந்ததால் தண்ணீர் தேங்கும். பிரபுக்கள் குதிரை வண்டிகளை அதில் ஓட்டிக் களித்தார்கள், தெருப் பிள்ளைகள் குதித்து ஆடினார்கள். தரையை உயர்த்திய பிறகு அந்த வழக்கம் நின்றது. சந்தையும் 1869இல் கம்போ தெ ஃபியோரிக்குப் போய்விட்டது.

மற்ற இரண்டு நீரூற்றுகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தெற்குக் கோடியில் உள்ள மோரோ நீரூற்றின் நடுவுருவம் 1650களில் பெர்னினியின் வடிவில் ஜோவான்னி அந்தோனியோ மாரி செதுக்கியது. சுற்றியுள்ள த்ரித்தோன்கள் 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். வடக்கே உள்ள நெப்டியூன் உருவங்களும் 1878இல் சேர்த்தவை.

அடுத்த முறை போகும்போது கங்கைக்கு எதிரே தொடங்கி மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் இந்த நீரூற்றின் பாதிகூடக் கிடைக்காது. பின்னங்கால் ஒரு பக்கம் தெரியும் குதிரையின் முகம் அடுத்த பக்கத்தில்தான் வரும். குனிந்து குகை வழியே பாருங்கள், தூணின் அடிப்பாகத்தைத் தேடுங்கள். பிறகு திரும்பி சாண்டாஞெஸேயின் முகப்பைப் பாருங்கள். நடுவில் குழிந்து இரு பக்கமும் கோபுரங்களை முன்னே தள்ளும் அந்த அசைவு பொரோமினியின் சிந்தனை. 1657இல் அவர் அந்த வேலையையும் விட்டு விலக நேர்ந்தது. மற்றவர்கள் முடித்த அந்த முகப்பும், அவர் யோசித்து இன்னொருவர் செய்த இந்த நீரூற்றும் ஒரே சதுக்கத்தில் எதிரெதிரே இருக்கின்றன. வழிகாட்டி மறுபடி அந்தக் கதையைத் தொடங்கினால், அந்த ஆண்டுகளை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: நீரூற்று 1651, தேவாலயம் 1652.